முகூர்த்த நாளும் செமஸ்டர் தேதியும்

நான் மதுரையில் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறேன். காலை ஷிப்ட் என்பதால் மதியம் ஒன்றரைக்கெல்லாம் கல்லூரி விட்டுவிடும். அங்கிருந்து நேராகக் கீழமாசி வீதி. ஒரு பருப்பு மொத்தக் கடையில் டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் போடும் வேலை, சாயங்காலம் ஆறரை வரை. இது போகக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறேன், சேலை மடிப்பு எடுத்துக் கொடுக்கிறேன், நகை செட் வாடகைக்கு விடுகிறேன். வில்லாபுரத்தில் வாடகை வீடு. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வீட்டிலிருந்தே பூக் கட்டிக் கொடுக்கிறார். தம்பி பிளஸ் ஒன். அப்பத்தாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, தனியாக விட்டுவிட்டு எல்லோரும் கிளம்ப முடியாது.

"எப்படிடி எல்லாத்தையும் சமாளிக்கிற?" என்று வகுப்பில் கேட்பார்கள். காலை நாலு மணிக்கு எழுந்து படிப்பு, அப்புறம் சமையல், அப்புறம் தொழில் என்று ஒரு நாளைக் கட்டம் போட்டுப் பிரித்துக் காட்டும் வீடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒத்துவராது. முகூர்த்த நாளில் படிப்புக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. பரீட்சை வாரத்தில் ஒரு ஆளுக்குப் புருவம் எடுக்கக்கூட மனம் போகாது. அதனால் நாளைப் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வருஷத்தைப் பிரித்தேன். இதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரின் கடைசிப் பக்கத்தில் அந்த வருஷத்து முகூர்த்த நாட்கள் எல்லாம் அச்சாகியிருக்கும். ஜனவரி பிறந்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஜூனில் கல்லூரி திறந்ததும் அவர்கள் கொடுக்கும் நாள்காட்டியில் இன்டர்னல் பரீட்சை எப்போது, செமஸ்டர் எப்போது என்று இருக்கும். இரண்டையும் ஒரு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதிப் பாருங்கள். ஆச்சரியமாக இருக்கும். பாதி பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

வைகாசி முழுக்கக் கல்யாணம். கல்லூரிக்கு லீவு. ஆகவே வந்த வேலை எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளலாம். ஆடியில் எங்கள் தொழில் படுத்துவிடும். ஆனால் புது செமஸ்டர் அப்போதுதான் சூடு பிடிக்கும். ஆவணியில் முகூர்த்தம் குவியும், கல்லூரியில் பெரிய நெருக்கடி இருக்காது. புரட்டாசியில் பலர் கல்யாணம் வைப்பதில்லை, இன்டர்னல் வரும் நேரம் அது. மார்கழியில் முகூர்த்தமே கிடையாது. தை மாதம் கல்யாணம் கல்யாணமாக வரும், அடுத்த செமஸ்டர் அப்போதுதான் தொடங்கியிருக்கும். இடிப்பது இரண்டே இடத்தில்தான். ஐப்பசி, கார்த்திகையில் நவம்பர் பரீட்சையோடு இடிக்கும். பங்குனிக் கடைசியும் சித்திரையும் ஏப்ரல் பரீட்சையோடு இடிக்கும். அந்த இரண்டு இடத்திலும் நான் மணப்பெண் வேலை எடுப்பதில்லை. எவ்வளவு தெரிந்தவர்களாக இருந்தாலும் சரி. அந்தப் பெண்களைத் தல்லாகுளம் பக்கம் மேக்கப் போடும் ஒரு அக்காவிடம் கைமாற்றி விடுவேன். வைகாசியில் அந்த அக்காவுக்குக் கை கொள்ளாமல் போகும்போது எனக்கு அனுப்புவார். கமிஷன் எல்லாம் பேசிக்கொள்வதில்லை. முகூர்த்த நாள் என்றால் ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வேலை வரும், மறுநாள் ஒருவருக்கும் இருக்காது. அதனால் இந்தத் தொழிலில் போட்டி என்று முறைத்துக்கொண்டு திரிவதைவிட நாலு பேரைத் தெரிந்து வைத்திருப்பது லாபம்.

மூன்றாவதாக ஒரு நாள்காட்டியும் உண்டு. அது கடையுடையது. மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனைக் கணக்கு போக வேண்டும், 20-க்குள் 3பி என்ற வரிக் கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடையில் ஒரு பில் விடாமல் சரிபார்க்கும் வேலை ஓடும். எங்கள் முதலாளி அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேரும்போதே பேசிவிட்டேன்: அந்தத் தேதிகளில் எட்டரை மணி வரைகூட இருப்பேன், பதிலுக்கு முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் என்னைச் சீக்கிரம் விட வேண்டும் என்று. அவர் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நான் அந்த மாதத்து லீவுத் தேதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்ததுதான் என்று நினைக்கிறேன். "திடீர்னு லீவு கேக்குற பிள்ளைகளைத்தான் எனக்கு ஆகாது" என்றார். சித்திரைத் திருவிழாவில் தேர் மாசி வீதிகளைச் சுற்றும் அன்று எப்படியும் கடை திறக்காது. அது எனக்குப் படிக்கும் நாள்.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் மேக்கப்பில் இறங்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. ஆடி மாதத்தில் அவர்களைப் பார்த்துப் பேச வேண்டும். கடைச் சம்பளம் பெரிய தொகை இல்லை, ஆனால் ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும். வீட்டு வாடகையும் அப்பத்தா மாத்திரையும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

சரி, தொழிலுக்கு வருகிறேன். அழகுக்கலை என்றதும் எல்லோருக்கும் மணப்பெண் மேக்கப்தான் ஞாபகம் வரும், காசும் அதில்தான் என்று நினைப்பார்கள். படிக்கிற பெண்ணுக்கு அதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் அதன் நேரம் நம் கையில் இல்லை. நான் ஒவ்வொரு வேலையையும் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், யாருடைய கடிகாரத்தில் நடக்கிறது என்று பார்ப்பேன்.

சேலை மடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன்பே முந்தி மடிப்பு, கொசுவம் எல்லாம் அயர்ன் பண்ணி, பின் போட்டு, பெட்டி மாதிரி மடித்துக் கொடுப்பது. இப்போது முகூர்த்தத்துக்கு வரும் சித்தி, மதினி, நாத்தனார் எல்லோருக்கும் இது வேண்டியிருக்கிறது. சேலையை முந்தைய வாரமே கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். ராத்திரி பத்து மணிக்குச் செய்யலாம், ஞாயிறு மத்தியானம் செய்யலாம். ஒரு சேலைக்கு 300 ரூபாய் வாங்குகிறேன். தேவையானது ஒரு மேசை, நல்ல அயர்ன் பாக்ஸ், துணி கிளிப், பின். பட்டுக்கு நேராகச் சூடு வைக்கக் கூடாது, மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஜரிகைப் பக்கம் இன்னும் கவனம். சேலை வாங்கும்போதே விரித்துப் பார்த்து, கறை, இழுப்பு இருந்தால் அவர்கள் கண் முன்னால் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் பேச்சு வராது. கட்டுபவரின் உயரமும் இடுப்பளவும் கேட்காமல் கொசுவம் மடிக்கக் கூடாது.

நகை செட் அதைவிட மேல். அதற்கு என் கையே வேண்டாம். நெத்திச்சுட்டி, மாட்டல், ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி, ஜடைபில்லை என்று ஒரு முழு செட் வாங்கிப் போட்டால், நான் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதும் அது எங்கோ ஒரு மண்டபத்தில் சம்பாதித்துக்கொண்டிருக்கும். கொடுப்பதும் வாங்குவதும் தம்பி பொறுப்பு. என்னென்ன உருப்படி என்று அவனே ஒரு பட்டியல் அடித்து, போகும்போதும் வரும்போதும் டிக் போடுகிறான். மாட்டல் ஒன்று குறைந்தாலும் டெபாசிட்டில் பிடித்துவிடுவான், நானாக இருந்தால் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். ஒரே ஒரு விஷயம்: வியர்வை பட்ட செட்டை அப்படியே பெட்டியில் போட்டால் கறுத்துவிடும். மெல்லிய துணியால் துடைத்து, காற்றாட வைத்து, தனித்தனிக் கவரில் போட வேண்டும். எந்த நகையாக இருந்தாலும் ஸ்பிரே, பெர்ஃப்யூம் எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் போட வேண்டும்.

புருவம் எடுப்பது தெருவுக்குள் நடக்கும் வேலை. வாடிக்கையாளர் வீட்டுக்கு நானே போய்விடுவேன். நூலை வாயில் கடித்து எடுப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. எனக்கு அது பிடிக்காது. கழுத்தில் சுற்றிக்கொண்டு எடுக்கலாம், ஆளுக்கு ஆள் புது நூல். மெஹந்தியும் ராத்திரி நேரத்து வேலைதான். இயற்கை மருதாணிக் கோனின் நிறம் ஒரு நாள், இரண்டு நாளில்தான் முழுசாக ஏறும், அதனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகப் போட வேண்டும். பத்து நிமிஷத்தில் கறுப்பாகப் பிடிக்கும் கோன்களை நான் தொடுவதில்லை. அதில் கலக்கும் சாயச் சரக்கு சிலருக்குக் கொப்புளம் கிளப்பிவிடும்.

இப்போது மணப்பெண் வேலை. முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரைக்குள் என்றால், பெண் ஐந்தரைக்காவது தயாராக இருக்க வேண்டும். முகம், தலை, சேலை, நகை என்று குறைந்தது இரண்டரை மணி நேரம். அப்படியானால் மூன்று மணிக்கு நான் மண்டபத்தில் கை கழுவிக்கொண்டிருக்க வேண்டும். திருப்பரங்குன்றம் கோயிலில் தாலி கட்டிவிட்டு மண்டபம் வருகிறவர்கள் என்றால் இன்னும் முன்னதாக. நல்ல முகூர்த்தத்தன்று குன்றத்தில் எத்தனை ஜோடி நிற்கும் என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்திலும் வெக்கையிலும் நின்று வருகிற முகம் கலையாமல் இருக்க வேண்டும். பவுண்டேஷனைக் கனமாக அப்பினால் நிற்கும் என்பது தப்பான எண்ணம். மெல்லிசாக இரண்டு அடுக்கு, ஒவ்வொன்றும் உட்கார நேரம் கொடுத்து, பவுடர், செட்டிங் ஸ்பிரே. கண் மை வாட்டர்ப்ரூஃப். ஹோமப் புகையில் கண் கலங்கும், தாலி ஏறும்போது அழுகை வரும், எந்தப் பெண்ணும் தப்பாது. டிஷ்யூ, ஒரு லிப்ஸ்டிக், கொஞ்சம் பவுடர் வைத்து ஒரு சின்னப் பையைப் பெண்ணின் மதினியிடம் கொடுத்துவிட்டு வருவேன்.

மணமகள் அறையை நம்பிப் போகாதீர்கள். பெரும்பாலான மண்டபங்களில் மஞ்சள் பல்பும், கை உயரத்துக்கு ஒரு கண்ணாடியும்தான் இருக்கும். லைட், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், நிற்கும் கண்ணாடி மூன்றும் என் பையிலேயே இருக்கும்.

அப்புறம் நிறம். "கொஞ்சம் வெளுப்பாக் காட்டும்மா" என்று பெண்ணின் பெரியம்மா யாராவது காதில் சொல்லாத கல்யாணம் இல்லை. கழுத்தோடு ஒட்டாத நிறத்தைப் போட்டால் வீடியோ வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூசினது மாதிரித் தெரியும். அதை வாயால் சொன்னால் கேட்க மாட்டார்கள். பெண்ணின் தாடையில் இரண்டு நிறத்தையும் தடவி, என் செல்போனில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துக் காட்டுவேன். பெரியம்மாவே சரியானதைத் தேர்ந்தெடுத்துவிடுவார். சடங்கு வீட்டு வேலை வந்தால் நான் இன்னும் கறார். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு பிளீச்சும் கிடையாது, ஃபேஷியலும் கிடையாது. சடையும் பூவும் லேசான பவுடரும் போதும். பிளக்ஸ் பேனருக்காக ஒரு குழந்தையின் தோலைக் கெடுக்க வேண்டியதில்லை.

ராத்திரி இரண்டரைக்கு ஒரு பெண் தனியாக எப்படிப் போவது? அப்பாவின் ஆட்டோதான். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அப்பாவுக்குக் காலைச் சவாரி என்றால் ஸ்டேஷன். பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் வந்து சேரும், அந்தக் கூட்டத்தில் கிடைக்கும் சவாரிதான் அன்றைய பெட்ரோல் காசு. எனக்காக மண்டப வாசலில் காத்திருந்தால் அது போய்விடும். புத்தகத்தில் வாய்ப்புச் செலவு என்று படிப்பது இதைத்தான். முதல் கல்யாண வேலையிலிருந்தே அப்பாவுக்கு ஒரு தொகையை எடுத்து வைத்துவிடுகிறேன். "என் மகளுக்குப் போய் நான் வாடகை வாங்குவேனா?" என்று சத்தம் போட்டார். நீங்கள் வாங்கவில்லை என்றால் என் ரேட் பொய்க் கணக்காகிவிடும் என்றேன். நாளைக்கு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் வேறு வண்டி பிடித்தால் என்ன செய்வேன்? திடீரென்று ரேட்டை ஏற்ற முடியுமா? தம்பியின் வேலைக்கும், அம்மா வைக்கும் ஜடைப் பூவுக்கும் இதே கணக்குத்தான். வீட்டு ஆட்கள் இனாமாகச் செய்வதை விலையில் சேர்க்காமல் விட்டு, ரேட் குறைவு என்று பேர் வாங்கும் தொழில் நிறைய பார்க்கிறேன். அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும்.

பூ தனிக் கதை. மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது, விலை மட்டும் இன்னும் யாருக்கும் கட்டுப்படவில்லை. சாதாரண நாளில் சில நூறுக்குக் கிடைக்கும் ஒரு கிலோ, பனியில் வரத்து குறைந்து முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் 2,000, 3,000 ரூபாயைத் தாண்டும். தை மாதக் கல்யாணத்துக்கு ஆவணியிலேயே பூவையும் சேர்த்து விலை பேசினால் நட்டப்பட்டுப் போவோம். ஆகவே பூச்செலவு அன்றைய மாட்டுத்தாவணிப் பூச்சந்தை விலைப்படி என்று தனியாக எழுதிக் கொடுக்கிறேன். வீட்டில் வேறொரு சிக்கல், எனக்கு வேலை குவியும் நாளில்தான் அம்மாவுக்கும் குவியும். முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி எங்கள் வீட்டில் பெரிய சமையல் கிடையாது. மாவு முன்கூட்டியே அரைத்திருக்கும், தம்பி தோசை ஊற்றுவான். பையன் எப்படிச் சமைப்பான் என்று அப்பத்தாவுக்குக் கொஞ்ச நாள் வருத்தம். இப்போது அவன் ஊற்றுவதுதான் முறுகலாக இருக்கிறதாம்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் என்ன செய்கிறாய் என்று தொழில் செய்யும் தோழிகள் எல்லோருமே கேட்பார்கள். காசு கேட்டால் கோபம், கேட்காவிட்டால் நட்டம். இதற்கு வழி சொன்னது அம்மா. மதுரைப் பக்கம் செய்முறை, அதாவது மொய் வைப்பது, இல்லாத விசேஷம் உண்டா? நெருங்கிய சொந்தம் என்றால் நான் போடும் மேக்கப்பை எங்கள் வீட்டு மொய்யாக வைத்துவிடுகிறோம். மொய் நோட்டில் அப்பா பெயரில் அந்தத் தொகை ஏறும். தம்பிக்கோ எனக்கோ ஒரு விசேஷம் வரும்போது அது திரும்பி வரும். அவர்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் கணக்கு. கிரீம், பூ மாதிரி கைக்காசு போட்டு வாங்குவதை மட்டும் அவர்களிடம் வாங்கிக்கொள்வேன். தூரத்துச் சொந்தம், தெரு ஆட்கள் எல்லோருக்கும் முழு ரேட்.

அட்வான்ஸ் வாங்காமல் தேதி குறிக்க மாட்டேன். முகூர்த்த நாளை ஒருவருக்காகப் பிடித்து வைத்தால் அன்றைக்கு வேறு யாருக்கும் கொடுக்க முடியாது, அதனால் அட்வான்ஸ் திரும்பாது என்று வாட்சப்பில் தெளிவாக எழுதி, அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகுதான் பணம். இந்தப் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்ததால். அது வேறு கணக்கில் விழும், பரீட்சைக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தவிர அதில் கை வைப்பதில்லை. லிப்ஸ்டிக் வாங்கக் கைக்காசு குறைந்தால் அந்த லிப்ஸ்டிக் அந்த மாதம் கிடையாது, அவ்வளவுதான்.

படிப்பைப் பற்றிக் கொஞ்சம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை வேண்டும். அப்படியென்றால் இருபத்திரண்டு நாள் வரை போகாமல் இருக்கலாம். கேட்க நிறைய மாதிரி இருக்கும். அதில் பாதியைக் காய்ச்சலுக்கும் வீட்டுக் காரியத்துக்கும் ஒதுக்கிவிட்டு, மீதியைத்தான் கல்யாணத்துக்கு எடுப்பேன். நிறைய முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் வருவது நம் அதிர்ஷ்டம். பாடத்தையும் இரண்டாகப் பிரித்திருக்கிறேன். வணிகச் சட்டம், மார்க்கெட்டிங் மாதிரி தியரிப் பாடங்களை வில்லாபுரத்திலிருந்து பெரியார் நிலையம் வரும் டவுன் பஸ்ஸில் படிக்கலாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் கூட்டமான வண்டியை விட்டுவிட்டு உட்கார இடம் இருக்கும் அடுத்த வண்டியில் ஏறுவேன். கணக்குப் போடும் பாடங்கள் அப்படி இல்லை. ஒரு பிராசஸ் காஸ்டிங் கணக்குக்கு நடுவில் எழுந்தால் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். அவை ஆடிக்கும் புரட்டாசிக்கும் மார்கழிக்கும் உரியவை. பல்கலைக்கழகத்துப் பழைய கேள்வித்தாள்களை அந்த மாதங்களில் போட்டு முடித்துவிட்டால் பரீட்சைக்கு முன்னால் திருப்பிப் பார்ப்பதுதான் மிச்சம்.

தொழில் கற்றுக்கொள்ள எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களுக்கு: தனியார் அகாடமிகளில் லட்சத்தைத் தொடும் படிப்புகள் இருக்கின்றன. சர்ட்டிபிகேட் பளபளவென்று இருக்கும். என்னைக் கேட்டால், அதற்கு முன் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். மாவட்டத்துக்கு ஒன்றாக முன்னோடி வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பியூட்டி பார்லர் பயிற்சி ஒரு மாதத்துக்கு மேல் நடக்கும், கட்டணம் இல்லை, சாப்பாடும் உண்டு. ஐ.டி.ஐ.களில் அழகுக்கலை ஒரு வருஷப் படிப்பாக இருக்கிறது. நான் பிளஸ் டூ லீவில் எங்கள் தெருப் பார்லர் அக்காவிடம் எடுபிடியாக நின்று கற்றுக்கொண்டேன். கூட்டத்தில் எப்படிப் பேசுவது, கோபக்கார மாமியாரை எப்படி உட்கார வைப்பது என்பதெல்லாம் அங்கே மட்டும்தான் கிடைக்கும்.

பொருள் விஷயத்தில் சிக்கனம் பார்க்கலாம், கஞ்சத்தனம் கூடாது. கடைவீதியில் பெரிய பிராண்ட் பெயர் போட்டுப் பாதி விலைக்குக் கிடைப்பது எதுவும் அந்த பிராண்ட் இல்லை. மஸ்காரா திறந்தால் மூன்று மாதம்தான். டப்பாவின் பின்னால் திறந்த மூடிப் படத்துக்குள் 6எம், 12எம் என்று போட்டிருப்பது திறந்த பிறகு எத்தனை மாதம் என்பதற்கு. வாங்கிய அன்றே மார்க்கரில் தேதி எழுதிவிடுவேன். முதல்முறை வரும் யாருக்கும் பிளீச், டை போடும் முன் இரண்டு நாள் முந்தியே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவிப் பார்க்காமல் தொடுவதில்லை. பெயரில்லாத டப்பாவில் விற்கும் நைட் கிரீம் பூசிவிட்டு வரும் பெண்கள் அதிகமாகிவிட்டார்கள். அதில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். நிறுத்தியதும் முகம் சிவந்து பொரிந்துவிடும். அவர்களிடம் ஃபேஷியல் காசு வாங்குவது பாவம். பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே போய்க் காட்டிவிட்டு வாங்கக்கா என்று அனுப்பிவிடுவேன். அன்றைக்கு ஒரு வேலை போகும். அந்த அக்கா அப்புறம் தன் தங்கையை அனுப்புவார்.

நலங்கு மாவு, கூந்தல் எண்ணெய் அரைத்து லேபிள் ஒட்டி விற்கலாமே என்று அம்மாவின் சிநேகிதிகள் ஆசை காட்டினார்கள். அழகுப் பொருளைத் தயாரித்து விற்பதற்கு 2020-ஆம் வருஷத்து அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வாங்க வேண்டும். வீட்டு அடுப்படியில் வைத்து அதை வாங்க முடியாது, ஆகவே அந்தப் பேச்சை அதோடு விட்டோம். சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் மட்டும் செய்திருக்கிறேன். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் ஆன்லைனில் நாமே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை. சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. எனக்கு அது இப்போதைக்குக் கவலை இல்லாத கவலை.

சிறு தொழிலுக்கான முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கடன் கேட்கலாம். எடுக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது. கடை எடுக்கலாம் என்பது அப்பாவின் ஆசை. என் கணக்கு வேறு. கடை என்றால் அட்வான்ஸ், வாடகை, வீட்டு மின்சாரத்தில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் இல்லாத வணிக இணைப்பு, மாநகராட்சி உரிமம். இதெல்லாம் வைகாசியில் வலிக்காது. முகூர்த்தமே இல்லாத மாதத்தில் நகை வாடகையும் சேலை மடிப்பும் புருவமும் மட்டும் சேர்ந்து கடை வாடகையைத் தாங்கினால்தான் கடை. தாங்கவில்லை என்றால் படிப்பு முடிந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான். வரும் மார்கழி வரவைப் பார்த்துவிட்டுத் தையில் முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பா அதற்குள் அவனியாபுரம் பக்கம் "வாடகைக்கு" போர்டு கண்ணில் பட்டால் ஆட்டோவை ஓரங்கட்டி நம்பரை எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்.